எல்லாருக்காகவும் என்றால் கர்நாடகத்து மாண்டியா விவசாயிக்காகவும்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி பிறந்தால் கும்பகோணத்திலிருந்து வேதாரண்யம் வரை சுவர்களில் ஏறக்குறைய ஒரே வாசகம்: 'இழந்ததை இரட்டிப்பாய்த் திரும்பப் பெறும் ஆண்டு'. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் தாம்பாளம் நிறைய, வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகள் வைத்திருப்பார்கள். ஆளுக்கு ஒன்றை எடுத்துப்போய் பீரோ கண்ணாடியில் செருகிவைப்பார்கள். இதைக் கேலி செய்வதற்காக எழுதவில்லை. கஜா புயலில் தென்னந்தோப்பைப் பறிகொடுத்தவருக்கும், 2004 டிசம்பர் 26-ல் பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த வீட்டுக்கும் அந்த ஒரு வசனம் எவ்வளவு பெரிய பிடிமானம் என்பது சபை ஊழியத்தில் இருக்கும் எவருக்கும் தெரியும்.

எங்கள் குறை வேறு. அட்டையில் அச்சாகும் வசனங்களை அவை இருக்கும் அதிகாரத்தோடு சேர்த்து வாசித்தால், திரும்பக் கிடைப்பது ஒரு வீட்டுக்கு மட்டும் கிடைப்பதாக எங்குமே இல்லை. ஊருக்கு வருகிறது, தேசத்துக்கு வருகிறது, நடுவில் குடியிருக்கும் அந்நியருக்கும் சேர்த்தே வருகிறது. 'எல்லா மனுஷருக்காகவும்' ஜெபிக்கச் சொல்லும் கட்டளை இந்த நம்பிக்கையிலிருந்து பிறந்ததுதான். ஆனால் டெல்டாவில் பல சபைகளில் நம்பிக்கையைச் சுவரொட்டிக்கு அனுப்பிவிட்டு, ஞாயிறு ஆராதனையில் சபை சேர்ந்து பிறருக்காக வேண்டும் பொது மன்றாட்டை இரண்டு நிமிடத்துக்குச் சுருக்கிவிட்டோம். அந்த இரண்டு நிமிடமும் சபையின் நோயாளிகள் பட்டியலுக்கே சரியாகிவிடுகிறது.

அட்டைகளில் அதிகம் வருவது எரேமியா 29:11. 'தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே' என்ற அந்த வசனத்துக்கு ஒரு வசனம் முன்னால், பத்தாவதில், எழுபது வருஷம் என்று இருக்கிறது. கி.மு. 597-ல் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் இது. அதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று கூட்டத்தின் நடுவே அறிவித்து, எரேமியாவின் கழுத்தில் கிடந்த நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். கேட்டவர்களுக்குப் பிடித்த செய்தி அதுதான். எரேமியாவோ வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள் என்று எழுதிவிட்டு, ஏழாம் வசனத்தில் 'பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காகக் கர்த்தரை விண்ணப்பம்பண்ணுங்கள்' என்கிறார். எந்தப் பட்டணம்? அவர்களை அடித்து இழுத்துப்போன பாபிலோன். அதற்குச் சமாதானம் இருந்தால்தான் உங்களுக்கும் சமாதானம் என்று காரணமும் சொல்கிறார். 11-ஐ அட்டையில் அச்சடிப்பவர்கள் 7-ஐ மன்றாட்டுப் புத்தகத்தில் எழுதினால் போதும், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

யோவேல் 2:25 அடுத்தது. வெட்டுக்கிளிகள் பட்சித்த வருஷங்களின் விளைவைத் திரும்ப அளிப்பேன் என்கிற வாக்கு. அந்த வசனத்தில் இரட்டிப்பு என்ற சொல்லே கிடையாது. அதற்கு நாலு வசனம் முன்னால் பயப்படாதே என்ற ஆறுதல் முதலில் தேசத்துக்கு, அதாவது மண்ணுக்கு. அடுத்த வசனத்தில் வெளியின் மிருகங்களுக்கு. மனிதர் அதற்கும் பின்னால்தான். தலைஞாயிறு பக்கம் உப்பேறிப்போன வயலும், மேய்ச்சலுக்கு அலையும் ஆடு மாடும் இந்த வாக்கில் நமக்கு முன்னாலேயே இடம் பிடித்தவை.

இரட்டிப்பு என்று பிரசங்கிக்கிறவர்கள் போய் நிற்கும் இடம் யோபு. அங்கே கணக்கு வெளிப்படையாகவே இருக்கிறது. முதல் அதிகாரத்தில் ஆடு 7,000, ஒட்டகம் 3,000, ஏர்மாடு 500 ஜோடி, கழுதை 500. கடைசி அதிகாரத்தில் ஆடு 14,000, ஒட்டகம் 6,000, ஏர்மாடு 1,000 ஜோடி, கழுதை 1,000. சரியாக இரண்டு மடங்கு. பிள்ளைகள் மட்டும் முதலிலும் 7 மகன்கள், 3 மகள்கள். முடிவிலும் 7 மகன்கள், 3 மகள்கள்தான். பறிபோன பிள்ளைக்குப் பதில் இரண்டு பிள்ளை என்று வேதம் கணக்குப் போடவில்லை. அக்கரைப்பேட்டையிலோ கீச்சாங்குப்பத்திலோ நின்று பிரசங்கம் பண்ணுகிறவர் இந்த எண்களைப் பார்த்துவிட்டு மேடை ஏறுவது நல்லது. நாகை மாவட்டத்தில் மட்டும் சுனாமியில் இறந்தவர்கள் 6,000 பேருக்கு மேல். அந்த வீடுகளுக்கு நாம் தர முடிந்த நம்பிக்கை மரித்தோர் உயிர்த்தெழுதல் ஒன்றுதான். அதன் இடத்தில் இரட்டிப்பான ஆசீர்வாதத்தை வைத்தால் கேட்பவர் மனம் ரணமாகும்.

யோபு எப்போது மீண்டார் என்பதும் எழுதியிருக்கிறது. 'யோபு தன் சிநேகிதருக்காக வேண்டுதல் செய்தபோது, கர்த்தர் அவன் சிறையிருப்பை மாற்றினார்' (42:10). எந்தச் சிநேகிதர்? நீ பாவம் செய்ததால்தான் உனக்கு இது வந்தது என்று அதிகாரம் அதிகாரமாய்க் குத்திப் பேசிய எலிப்பாசும் பில்தாதும் சோப்பாரும். அவர்களுக்காக அவர் வாயைத் திறந்த பிறகே நிலைமை மாறுகிறது. அடுத்த வசனத்தில் சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள் எல்லாரும் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து சாப்பிட்டு, ஆளுக்கு ஒரு காசும் ஒரு பொன் நகையும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பேராவூரணிப் பக்கத்து ஆடி மாத மொய் விருந்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதே இல்லை. திரும்பக் கிடைப்பது வானத்திலிருந்து மூட்டையாக விழவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கை வழியாகத்தான் வந்தது.

டெல்டாக்காரர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டியது எசேக்கியேல் 47. ஆலய வாசற்படியின் கீழிருந்து தண்ணீர் புறப்படுகிறது. ஆயிரம் முழம் அளந்தால் கணுக்கால் அளவு, இன்னும் ஆயிரம் போனால் முழங்கால், இன்னும் ஆயிரத்தில் இடுப்பு, நாலாவது ஆயிரத்தில் நீச்சல் ஆழம். நம் காவிரி இதற்கு நேர் எதிர். கல்லணையில் பார்த்த ஆறு பூம்புகார் போய்ச் சேரும்போது வாய்க்காலாக இளைத்துவிடுகிறது. தீர்க்கதரிசி கண்ட ஆறு கடைமடைக்குப் போகப் போகத்தான் பெருகுகிறது. அது போய் விழும் உப்புக் கடல் ஆரோக்கியமாகி, என்கேதி முதல் எனெக்லாயிம் வரை வலை விரிக்கும் மீனவர்கள் நிற்கிறார்கள். ஆனாலும் 11-ஆம் வசனத்தில் உளையான (சேறான) பள்ளங்கள் உப்பாகவே விடப்படும் என்று இருக்கிறது. அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு உப்பளத் தொழிலாளிக்கும் அந்தத் தரிசனத்தில் ஓர் இடம் இருக்கிறது என்றே இதை நாங்கள் வாசிக்கிறோம்.

அந்த அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனங்களை யாரும் பிரசங்கிப்பதில்லை. தேசத்தைக் கோத்திரவாரியாகப் பங்கிடும்போது, உங்கள் நடுவே தங்கிப் பிள்ளை பெற்ற அந்நியர்களுக்கும் உங்களோடு சமமாகச் சீட்டுப்போட்டு நிலம் கொடுங்கள், அவர்கள் எந்தக் கோத்திரத்தில் தங்குகிறார்களோ அங்கேயே கொடுங்கள் என்று கட்டளை. தானமோ குத்தகையோ இல்லை, சுதந்தரம், அதாவது வாரிசுச் சொத்துரிமை. பட்டா என்றே வைத்துக்கொள்ளலாம்.

பட்டா என்றதும் எரேமியா 32. பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி மண்மேடு போட்டு நிற்கிறது. எரேமியா காவல்சாலை முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரத்தில் தகப்பனின் சகோதரர் மகன் அனாமெயேல் வந்து ஆனதோத்தில் உள்ள நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொல்கிறான். எதிரிப் படை சூழ்ந்திருக்கும்போது எவன் நிலம் வாங்குவான்? எரேமியா 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். ஒரு சேக்கல் சுமார் 11 கிராம், ஆக 200 கிராமுக்குச் சற்றுக் குறைவு. பத்திரத்தில் கையெழுத்து, சாட்சிகள் கையெழுத்து, முத்திரை போட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுத்து, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஜெபம் தொடங்குகிறது. அந்த ஜெபத்திலும், படை வாசலில் நிற்கும்போது நிலம் வாங்கச் சொன்னீரே என்ற தடுமாற்றம் மறைக்காமல் எழுதப்பட்டிருக்கிறது. வேதம் சொல்லும் மீட்பின் நம்பிக்கைக்கு இதைவிட நல்ல பாடம் எங்களுக்குத் தெரியவில்லை.

இனி கட்டளைக்கு வருவோம். 1 தீமோத்தேயு 2:1, 2: எல்லா மனுஷருக்காகவும் விண்ணப்பம், ஜெபம், வேண்டுதல், ஸ்தோத்திரம்; ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ள யாவருக்காகவும் அப்படியே. மரபுப்படி பவுல் இதை எழுதியபோது ரோமாபுரியில் இருந்த ராஜா நீரோ. கி.பி. 54 முதல் 68 வரை ஆட்சி செய்தவன், கிறிஸ்தவர்களைக் கொடூரமாகக் கொன்றவன். அவனைப் பாராட்டச் சொல்லவில்லை, அவனுக்காக ஜெபிக்கச் சொன்னார். எதற்கு? கலகமில்லாமல் அமைதலுள்ள ஜீவனம் பண்ண. முதல் நூற்றாண்டின் முடிவில் ரோமாபுரிச் சபை கொரிந்துச் சபைக்கு எழுதிய கடிதத்தில் ஆட்சியாளர்களுக்கான நீண்ட ஜெபம் ஒன்று இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் விசுவாசத்துக்காகக் கைதான ஸ்மிர்னா ஆயர் பொலிகார்ப் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி, இரண்டு மணி நேரம் நின்றபடி ஜெபித்தார். தன்னைச் சந்தித்த பெரியவர் சிறியவர் எல்லாரையும் அதில் நினைவுகூர்ந்தார் என்று அவர் சபையார் எழுதிவைத்தார்கள்.

கத்தோலிக்கருக்கு இதற்குத் தெளிவான ஒழுங்கு உண்டு. பெரிய வெள்ளி வழிபாட்டின் மன்றாட்டுகள் பத்து: திருச்சபை, திருத்தந்தை, குருக்களும் விசுவாசிகளும், திருமுழுக்குக்கு ஆயத்தமாவோர், கிறிஸ்தவ ஒற்றுமை, யூதர், கிறிஸ்துவை நம்பாதவர், கடவுளையே நம்பாதவர், நாட்டை ஆள்வோர், துன்புறுவோர். ஒவ்வொன்றிலும் முதலில் கருத்தின் அறிவிப்பு, பிறகு மௌனம், பிறகு குருவின் ஜெபம். ஞாயிறு விசுவாசிகள் மன்றாட்டு நூற்றாண்டுகளாக வழக்கொழிந்து கிடந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ல் மேற்படி தீமோத்தேயு வசனத்தைச் சுட்டியே அதை மீட்டது. லுத்தரன் சபைகளுக்கும் சி.எஸ்.ஐ. சபைகளுக்கும் பொது ஜெபமும், சபையார் மறுமொழி சொல்லும் லித்தானியாவும் வழிபாட்டு முறையிலேயே இருக்கின்றன. ஒழுங்கு இல்லாததால் இந்தக் கட்டளை விடுபடவில்லை. பிரசங்கம் நீண்டுவிட்டது, அறிவிப்புகள் நீண்டுவிட்டன என்று நாம்தான் இதை வெட்டுகிறோம்.

சரி, எப்படிச் செய்வது? மன்றாட்டு எழுத இரண்டு பேர் போதும். ஒருவர் செய்தித்தாள் வாசிப்பவர், இன்னொருவர் தெருவைத் தெரிந்தவர். வெள்ளி இரவுக்குள் எழுதி, சனிக்கிழமை ஆயர் அல்லது பங்குத்தந்தை கண்ணில் காட்ட வேண்டும். ஆறு அல்லது ஏழு மன்றாட்டு. ஒவ்வொன்றும் மூன்று வரிக்கு மேல் போகக் கூடாது. வரிக்குப் பின் இருபது விநாடி மௌனம், அதன் பிறகே 'கர்த்தாவே, எங்கள் ஜெபத்தைக் கேட்டருளும்' என்ற மறுமொழி. இருபது விநாடி மைக் முன்னால் நிற்பவருக்கு யுகமாகத் தெரியும். ஐந்தாவது விநாடியிலேயே அடுத்ததை வாசித்துவிடுவார். மனசுக்குள் பரமண்டல ஜெபத்தை நிதானமாய்ச் சொல்லி முடிக்கச் சொன்னால் அளவு சரியாக வரும். மொத்தம் எட்டு நிமிடம்.

வரிசை முக்கியம். வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும். உலகம், நாட்டை ஆள்வோர், மாவட்டம், ஊர், மற்ற சமயத்து அயலார், துன்பப்படுவோர், கடைசியில் சபை நோயாளிகள். நோயாளிகளில் தொடங்கினால் மற்றதற்கு நேரமே இருக்காது. இதுதான் இப்போது நடப்பது. நோயாளி பெயரைச் சொல்லும் முன் அவரிடமோ வீட்டாரிடமோ கேட்க வேண்டும். நோயின் பெயர் வேண்டாம். பெண்பிள்ளைக்கு வரன் அமையாதது, மகளிர் குழுக் கடன் நிலுவை, புருஷனின் குடி இவையெல்லாம் மைக்கில் வந்தால் அது ஜெபமாகாது, ஊர்வம்புதான். மதியத்துக்குள் ஐயம்பேட்டை வரை போய்விடும்.

அடிக்கடி கெடுவது இன்னும் இரண்டு மூன்று இடத்தில். ஒன்று, கடவுளுக்குச் செய்தி வாசிப்பது. 'ஆண்டவரே, நேற்று இரவு பத்து மணிக்கு மேலவீதியில் நடந்த விபத்தை நீர் அறிவீர்' என்று ஆரம்பித்துப் போலீஸ் அறிக்கை மாதிரி போகும். இன்னொன்று, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குப் படும்படி ஜெபிப்பது: 'காணிக்கை கொடுக்காமல் பேச மட்டும் வருகிறவர்களின் மனதை மாற்றும்'. தேர்தல் வந்தால் மூன்றாவது கோளாறு. வேட்பாளர் பெயரும் வெற்றியும் மன்றாட்டில் வரக் கூடாது. ஆட்சியர், நீதிபதி, ஊராட்சித் தலைவர், தேர்தல் பணியாளர் என்று பொறுப்பைச் சொன்னால் போதும். யார் அந்த நாற்காலியில் இருந்தாலும் அந்த வரி அடுத்த வாரமும் பொருந்தும்.

பருவத்தோடு பொருந்தாத மன்றாட்டு டெல்டாவுக்கே உரிய வேடிக்கை. அச்சடித்த புத்தகத்தில் 'நிறைவான மழையைத் தாரும்' என்று இருப்பதை தை மாதக் கடைசி ஞாயிறன்று அப்படியே வாசிப்பார்கள். அந்த வாரம் சம்பா அறுத்த நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் குவிந்து கிடக்கும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடை போட மாட்டார்கள். ஒரு தூறல் போதும், விவசாயி இன்னும் ஒரு வாரம் குவியலுக்குக் காவல் கிடக்க. சபையில் பாதிப்பேர் 'கேட்டருளும்' என்று சொல்லும்போதே திடுக்கிடுவார்கள். ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் அணையும் கல்லணையும் திறக்கும் வாரம், குறுவை நாற்று விடும் வாரம், ஐப்பசி கார்த்திகையில் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகும் வாரம், தை அறுவடை வாரம் என்று நாட்காட்டியில் குறித்துக்கொண்டு எழுத வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் வருமானம் இல்லாத வீடுகள் தரங்கம்பாடியிலும் பழையாற்றிலும் எத்தனை! உப்பளக்காரருக்கு வெயில் வேண்டும், பக்கத்து ஊர் விவசாயிக்கு மழை வேண்டும். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். நீதியுள்ளவர்கள்மேலும் அநீதியுள்ளவர்கள்மேலும் மழை பெய்யப்பண்ணுகிறவரிடம், யாருக்கு எது என்று நாம் பட்டியல் போட்டுக் கொடுக்காமல், இருவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும் என்று கேட்பதே ஒழுங்கான வேண்டுதல்.

அதிகாரமுள்ள யாவரும் என்றால் கோட்டையில் இருப்பவர்கள் மட்டும்தானா? மதகின் ஷட்டரை ஏற்றி இறக்கும் லஸ்கர் கையில் நூறு ஏக்கரின் பிழைப்பு இருக்கிறது. கொள்முதல் நிலையத்துப் பட்டியல் எழுத்தர், சுமைதூக்கும் தொழிலாளி, கிராம நிர்வாக அலுவலர், 108 ஓட்டுநர், கஜா ஓய்ந்த பிறகு வேறு மாவட்டங்களிலிருந்து வந்து சேற்றில் நின்று கம்பம் நட்ட மின்வாரிய ஊழியர்கள். இவர்களைப் பெயர் சொல்லாமல் பணி சொல்லி நினைவுகூரலாம். லஞ்சம் வாங்காமல் வேலை செய்யும் மனதைத் தாரும் என்று கேட்பதில் தவறில்லை, ஆனால் அதே வரியில் அவர்கள் சம்பளம் காலத்தில் வரவும் கேட்க வேண்டும்.

சோதனை எங்கே வருகிறது என்றால் எதிர்த் தரப்பில். கர்நாடக எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. காவிரி நீர் என்று 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தண்ணீரைக் கேட்பது நம் உரிமை. அதைக் கேட்டுப் போராடும் சபைத்தார் தஞ்சை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்காரட்டும். அதற்கும் மன்றாட்டுக்கும் பகை இல்லை. ஆனால் மழை பொய்த்த வருஷத்தில் மாண்டியாவில் கரும்பு காய்வதும் ஒரு குடும்பத்தின் சோறுதான். அவர்களை விட்டுவிட்டு 'எல்லா மனுஷருக்காகவும்' என்று சொன்னால் கட்டளையின் முதல் வரியே பொய்யாகிவிடும். கடல் பக்கமும் இதே கதை. இலங்கைக் கடற்படை பிடித்துவைத்திருக்கும் நாகை மீனவர் விடுதலைக்காக ஜெபிக்கிறோம், சரி. நம் விசைப்படகின் இழுவைமடியில் வலை அறுபட்ட யாழ்ப்பாணத்து மீனவனும் தமிழன்தான், அவர்களில் பலர் கிறிஸ்தவர்கள்கூட. அவனுக்காக எந்தச் சபையிலாவது ஒரு வரி உண்டா?

இன்னும் கசப்பான ஒன்று. 1968 டிசம்பர் 25, கிறிஸ்மஸ் இரவில்தான் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். நாகையிலும் திருவாரூரிலும் ஆலயங்களில் கேரல் பாடல் ஒலித்த அதே இரவு. ஆண்டுதோறும் டிசம்பர் 25-ல் வெண்மணியில் அஞ்சலி நடக்கிறது. நம் கிறிஸ்மஸ் மன்றாட்டில் அவர்கள் வருவதில்லை. இறந்தோருக்காக ஜெபிக்கும் வழக்கம் கத்தோலிக்கருக்கு உண்டு, புராட்டஸ்டன்ட் சபைகளில் பொதுவாக இல்லை; ஆனால் அவர்கள் வாரிசுகளுக்காகவும், கூலி கேட்பவர்களுக்கு நியாயம் கிடைக்கவும் ஜெபிக்க எந்த சபைக்கும் தடை இல்லை. இதைச் சொல்லும்போது நம் முற்றத்தையும் பார்க்க வேண்டும். பேராயர் டேனியல் வில்சன் 1833-ல் சபைக்குள் சாதி ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது தஞ்சைச் சபைகளில் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. இருநூறு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் கல்லறைத் தோட்டத்தில் தனி வரிசை இருக்கும் ஊர்கள் உண்டு. தனி வரிசையை வைத்துக்கொண்டு எல்லாருக்காகவும் ஜெபிக்கிறோம் என்றால் கேட்பவர் சிரிப்பார்.

மற்ற சமயத்து வாசகர்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம்: எங்களுக்காக ஜெபிக்கிறோம் என்று சொல்லி மதம் மாற்றப் பார்க்கிறீர்களா? ஒளிக்காமல் சொல்வோம். அதே தீமோத்தேயு பகுதியில் எல்லா மனுஷரும் இரட்சிக்கப்பட தேவன் சித்தமுள்ளவராயிருக்கிறார் என்று இருக்கிறது; அந்த ஆசை கிறிஸ்தவனுக்கு உண்டு. முடிவில் எல்லாருமே மீட்கப்படுவார்களா என்ற விவாதம் மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் ஓரிகன் காலத்திலிருந்து நடக்கிறது. 553-ல் கான்ஸ்தாந்திநோபிள் சங்கம் ஓரிகனின் பெயரைக் கண்டனம் செய்தது. ஏறக்குறைய அதே நம்பிக்கையை எழுதிய நீசா கிரகோரியார் இன்றும் புனிதராகவே மதிக்கப்படுகிறார். அந்த வழக்கு தீரட்டும், தீராமல் போகட்டும். ஜெபிக்கும் பட்டியலில் யாரைச் சேர்ப்பது என்ற கேள்விக்கு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பட்டியல் ஏற்கெனவே கொடுக்கப்பட்டாயிற்று. அயலாருக்காகச் செய்யும் ஜெபத்தில் அவர் பெயரைச் சொல்லி 'இவர் கண்ணைத் திறவும்' என்று ஒலிபெருக்கியில் போடுவது அநாகரிகம். இரவு பத்துக்கு மேல் காலை ஆறு வரை ஒலிபெருக்கியே சட்டப்படி கூடாது என்பதையும் முழு இரவு ஜெபம் நடத்துகிறவர்கள் நினைவில் வைக்கலாம். அடுத்த வீட்டுக் குழந்தையைத் தூங்கவிடாமல் அந்தக் குழந்தைக்காக ஜெபிப்பதில் என்ன பயன்?

இந்த மண்ணில் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1780களின் தொடக்கத்தில் ஐதர் அலியின் படையெடுப்பில் தஞ்சைச் சீமை பட்டினியில் விழுந்தபோது, லுத்தரன் மிஷனெரி ஸ்வார்ட்ஸ் ஜெபத்தோடு நிற்காமல் அரிசி வாங்கிச் சேர்த்துப் பசித்தவர்களுக்குக் கொடுத்தார். 1798-ல் அவர் இறந்தார். தஞ்சையில் சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய ஸ்வார்ட்ஸ் ஆலயத்தில், அவர் மரணப்படுக்கைக்கு அருகில் இரண்டாம் சரபோஜி மன்னர் நிற்கும் பளிங்குச் சிற்பத்தை இன்றும் பார்க்கலாம். மன்னர் சைவ, வைணவக் கோயில்களைப் புரந்தவர், கிறிஸ்தவராகவில்லை.

கடைசியாக ஒரு குறிப்பு நோட்டு. சபைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி மூன்று பத்தி கோடு போட வேண்டும்: தேதி, கேட்டது, பிறகு நடந்தது. மாதக் கடைசி ஞாயிறு அதை எடுத்து, நடந்தவற்றுக்கு ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். பவுல் சொன்ன நாலில் ஸ்தோத்திரமும் ஒன்று, பெரும்பாலும் விடுபடுவதும் அதுதான். மூன்றாவது பத்தி காலியாகவே இருக்கும் வரிகளை அடிக்கக் கூடாது; அடுத்த மாதமும் கேட்க வேண்டும். 'நடக்கவில்லை' என்று எழுத நேர்ந்தால் அதையும் எழுதலாம். எரேமியா எழுபது வருஷக் கணக்கை எழுதத் தயங்கவில்லை.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். மேட்டூர் அணையின் நீர்மட்டம் தினமும் வருகிறது, நன்றி. அத்துடன் வெள்ளிக்கிழமைப் பதிப்பில் மட்டுமாவது, கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் ஒவ்வொன்றிலும் திறந்துவிடும் அளவு, அந்த வாரத்து முறைப்பாசன அட்டவணை, திறந்திருக்கும் கொள்முதல் நிலையங்கள், கடலுக்குப் போக வேண்டாம் என்ற எச்சரிக்கை, சிறையிலிருக்கும் மீனவர் எண்ணிக்கை இவற்றை ஒரே கட்டத்தில் வெளியிட்டால், வெள்ளி இரவு மன்றாட்டு எழுத உட்காரும் எங்களைப் போன்றவர்களுக்கு மட்டுமல்லாமல் வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போகிறவர்களுக்கும் உதவும். ஆறு மணிக்குள் அச்சாகும் பதிப்பாக இருந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
சபை ஊழியர்கள் சிலர்,
மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்கள்